ஒடித்து வளர்த்தல்

தாமிரபரணியாற்றின் தென்கரையில் அமைந்த பழம்பதி ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் தோன்றிய திருக்குருகூர் அதுவே. அங்குள்ள ஆதிநாதர் கோயிலின் உள்ளே ஒரு புளியமரம் நிற்கின்றது. அம்மரத்தடியில் ஆழ்வார் பதினாறு ஆண்டுகள் மோனத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. ஏனைய புளியமரங்களின் இலைகள் அந்தியிலே குவிந்து, வைகறையிலே விரியும். இம்மரத்தின் இலைகளோ இரவிலும் குவிவதில்லை என்பர். ஆதலின் 'உறங்காப்புளி' என்னும் பெயர் அதற்கு வழங்குகின்றது. அடியவர் அம்மரத்தை வலம் வந்து வணங்குகின்றனர். அதனிடம் புளி உலுக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. அது நிற்பதே போதும். அதுவே அதன் பயன்.

வீட்டுப் புறவாசலில் நிற்கும் முருங்கையின் நிலை வேறு. அதனை யாரும் வலம் வருவதில்லை. அதனிடம் மக்கள் கீரை கேட்கின்றனர், பூக் கேட்கின்றனர், காய் கேட்கின்றனர். கேட்டதைக் கொடுக்கும் அம்மரத்தை ஆண்டுதோறும் ஒடித்தும் விடுகின்றனர். இவ்வழக்கத்திலிருந்து பிறந்த பழமொழி ஒன்று தமிழ்நாடெங்கும் வழங்குகின்றது. "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது அது.

பழமொழி என்பது பட்டறிவின் திரட்சி. எனினும், பழமையானது என்ற ஒன்றினாலேயே ஒரு மொழி முழுதும் உண்மையாகிவிடாது. இப்பழமொழியில் இரண்டு பாதிகள் உள்ளன. முதற் பாதி தோட்டத்தில் கற்றது. இரண்டாம் பாதி அதனைச் சான்றாகக் கொண்டு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லப்படுவது. முதற் பாதி மெய் என்பதற்கு ஐயமில்லை. ஆயினும், அது எவ்வாறு மெய்யாகின்றது என்பதை ஆராய்ந்தவர், இரண்டாம் பாதியை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

முருங்கை விரைந்து வளரும் மரம். அதன் கட்டை மென்மையானது. சிறு பாரத்துக்கும் முறியும் இயல்புடையது. அதனை அவ்வாறே விட்டுவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, காயெல்லாம் எட்டாத உயரத்தில் தொங்கும். அத்தகைய மரத்தில் வேதாளம் ஏறலாம். மனிதர் ஏறுதல் ஆகாது. ஆகவே, அறிந்தோர் அதனை இளமையிலேயே அடக்கி வளர்ப்பர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய செடிமுருங்கை வகையை நடுவோர், செடி ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம் வந்தவுடன் அதன் நுனிக் கொழுந்தைக் கிள்ளி விடுவர். நுனியை இழந்த செடி பக்கங்களில் கிளைக்கும். கிளை பெருகினால் பூப் பெருகும். பூப் பெருகினால் காய் பெருகும். அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் செடியை வெட்டிவிடுவர். வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர்கள் எழுந்து மறுபடியும் காய்க்கும். கோடரியால் ஆக வேண்டிய வேலை அன்று இது. தொடக்கத்தில் இரண்டு விரல்களின் நகமே போதும்.

நுனியைக் கிள்ளினால் பக்கம் தழைப்பது ஏன்? உழவர் இதனைக் கண்ணால் கண்டு பயன்படுத்தினர். அறிவியலார் காரணத்தைத் தேடினர். சார்லசு தார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல்லின் முளைகளைக் கொண்டு ஆராய்ந்து, முளையின் நுனியிலிருந்து ஏதோ ஓர் ஆற்றல் கீழ்நோக்கிச் செல்கின்றது என்று 1880-ஆம் ஆண்டில் எழுதினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்பு ஆலந்து நாட்டு அறிஞர் வென்ட், அவ்வாற்றல் ஒரு பொருளே என்று காட்டினார். ஆக்சின் என்பது அதன் பெயர். நுனிமொட்டில் உண்டாகும் ஆக்சின் தண்டின் வழியே இறங்கி, பக்கமொட்டுகளை எழவொட்டாமல் அடக்கி வைக்கின்றது. 1933-ஆம் ஆண்டில் திமானும் சுகூக்கும் செய்த சோதனை இதனை உறுதிப்படுத்தியது. அவர்கள் ஓர் அவரையினச் செடியின் நுனியை நீக்கினர், பக்கமொட்டுகள் எழுந்தன. நுனியை நீக்கிய இடத்தில் ஆக்சினை வைத்தபொழுது பக்கமொட்டுகள் எழவில்லை. நுனியை இழந்த செடியில், அதுவரை நுனிக்குச் சென்ற சர்க்கரை பக்கமொட்டுகளுக்குக் கிடைப்பதும் அவை எழுவதற்குத் துணை செய்கின்றது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது.

இவ்வுண்மையிலிருந்து தெளிவது ஒன்று. வெட்டு மரத்துக்குப் புதிய ஆற்றலைத் தருவதில்லை. மரத்தினுள்ளே உறங்கிக் கிடந்த மொட்டுக்கு வழி விடுகின்றது, அவ்வளவே. உறங்கும் மொட்டு எங்கே இருக்கின்றது என்று அறியாதவன் கையில் உள்ள அரிவாள் மரத்தைக் குறைக்குமேயன்றி வளர்க்காது.

கனிமரங்களின் கிளைகளை இவ்வாறு அளவறிந்து நீக்குவதைக் கவாத்து என்பர். கவாத்து எல்லா மரங்களுக்கும் ஒரே முறையில் செய்வதன்று. கொய்யாவை நோக்குக. அது புதிதாக எழும் தளிரிலே பூக்கும் மரம். ஆதலின், சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைநுனிகளைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அளவு நறுக்கிவிட்டால் புதுத் தளிர்கள் எழுந்து காய்க்கும். தமிழ்நாட்டில் இதற்கு உகந்த காலம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களும் ஆகும். மாமரத்தின் இயல்போ இதற்கு மாறானது. அது முற்றிய கிளையின் நுனியிலே பூங்கொத்தை ஈனும். கொய்யாவுக்குச் செய்தது போல, பூக்கும் காலத்துக்குச் சற்று முன்பு மாவின் நுனிகளை நறுக்குபவன், தன் கையாலேயே தன் விளைச்சலை வெட்டி எறிந்தவன் ஆவான். மாவுக்கு உரிய கவாத்து, காய் பறித்த பின்பு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், ஒன்றன்மேல் ஒன்று உராயும் உட்கிளைகளையும் பட்ட கிளைகளையும் நீக்கி, மரத்தின் நடுவிலே வெயிலும் காற்றும் புக வழி செய்வதே. அதனையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டுவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். எலுமிச்சை மரத்தில், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் வரை அடிமரத்தில் கிளைகள் இல்லாதவாறு நீக்குதல் முறை. அடிமரத்திலிருந்து நேராகக் கொழுத்து எழும் போத்துகளையும் களைவர். அவை பச்சைப் பசேலென்று நின்று பார்ப்பவர் கண்ணைக் கவரும். ஆனால், காய்க்கும் கிளைக்குச் செல்ல வேண்டிய உணவை உண்டு, தாம் காய்க்காமல் நிற்கும். செழிப்பெல்லாம் பயன் ஆகாது என்பதற்கு அவை தக்க சான்று.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே கவாத்தின் ஆற்றலை இன்னும் தெளிவாகக் காணலாம். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வேனில் வந்ததும் விழித்துத் தளிர்க்கும். கம்பத்தில் அத்தகைய பனிக்காலம் இல்லை. ஆதலால், அங்குள்ள கொடிக்கு இயற்கையான உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. உழவன் செய்யும் கவாத்தே அதற்குப் பருவத்தை உண்டாக்குகின்றது. டிசம்பர், சனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் குலை பழுக்கும். மே, சூனில் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழுக்கும். அயலார் அயலார் தோட்டங்களில் கவாத்து நாள் வேறு வேறாக அமைவதால், அப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டிருக்கும். வானம் வகுக்காத பருவத்தை ஒரு கத்தரிக்கோல் வகுக்கின்றது!

மறுபடியும் தாமிரபரணிக் கரைக்கே வருவோர், அங்கும் இக்கலையைக் காண்பர். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பாயும் நிலங்களில் நெல்லோடு வாழையும் பெருக விளைகின்றது. வாழை உண்மையில் மரம் அன்று. மரக்கட்டை இல்லாத பெரும்பூண்டு. ஆயினும் அதற்கும் ஒரு கவாத்து உண்டு. தாய்வாழையைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் பல எழும். அவற்றையெல்லாம் விட்டால், தாயின் தார் சிறுத்துப்போகும். ஆதலின் அவை எழ எழ உழவர் அறுத்துவிடுவர். ஆனால், எல்லாவற்றையும் அறுப்பதில்லை. மறுதாம்பு விட எண்ணுவோர், தாய் குலை தள்ளும் காலத்தில் திடமான கன்று ஒன்றை மட்டும் தேர்ந்து விடுவர். அடுத்த தாரைத் தருவது அக்கன்றே. 'வாழையடி வாழையாக' என்று தமிழர் வாழ்த்தும் வாழ்த்தின் பின்னே, எதனை விடுவது என்று ஆராய்ந்து நிற்கும் ஓர் உழவனின் கண் இருக்கின்றது.

இங்கேதான் கவாத்தின் உட்பொருள் விளங்குகின்றது. காண்போர் அதனை வெட்டும் தொழில் என்று எண்ணுவர். அது வெட்டும் தொழில் அன்று. தேர்ந்து விடும் தொழில். எதனை நீக்குவது என்பது எளிய வினா. எதனை, எதற்காக, எந்தத் திசையில் வளர விடுவது என்பதே அரிய வினா. அவ்வினாவுக்கு விடை தெரிந்த பின்பே கை கருவியைத் தொட வேண்டும்.

இன்னும் ஒன்று. நல்ல தோட்டக்காரன் வெட்டுவதைக் காட்டிலும் வளைப்பதையே மிகுதியாகச் செய்வான். கொய்யாவில் வானத்தை நோக்கி நேரே எழும் கிளைகளைச் சிலர் வெட்டுவதில்லை. மெல்ல வளைத்து, தரையில் அடித்த முளைக்குச்சியில் கயிற்றால் கட்டிவிடுகின்றனர். நிமிர்ந்து நின்றபொழுது நுனியில் மட்டும் தழைத்த கிளை, படிந்து நின்றதும் தன் நீளம் முழுவதும் மொட்டு விடுகின்றது. ஒரு இலையும் வீணாகாமல், ஒரு புண்ணும் உண்டாகாமல், வளைத்த கிளை காய்த்துக் குலுங்குகின்றது. ஆனால், இவ்வாறு வளைப்பதற்குக் கிளை இளையதாக இருத்தல் வேண்டும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழி பிறந்த இடம் இத்தகைய தோட்டமாகவே இருத்தல் கூடும். முற்றிய கிளையை வளைத்தால் அது முறியும். முறிந்த பின்பு, 'இம்மரம் பணியாத மரம்' என்று மரத்தைப் பழிப்பதில் பொருள் இல்லை. உரிய காலத்தில் கயிற்றோடு வராதவன் குற்றம் அது.

இளங்கன்றுக்கு வடிவம் கொடுத்தலும் அத்தகையதே. நட்ட சில ஆண்டுகளுக்குள், நாலு திசையிலும் விலகிச் செல்லும் மூன்று நான்கு கிளைகளைத் தேர்ந்து, அவற்றையே மரத்தின் தூண்களாக வளர்ப்பர். மற்றவற்றை விரல் பருமன் ஆகுமுன் நீக்கிவிடுவர். அன்று நகத்தால் கிள்ளத் தவறியவன், பத்து ஆண்டு கழித்து ரம்பத்தோடு வந்து நிற்பான். ஒன்றையொன்று நெருக்கி வளர்ந்த இரு பெருங்கிளைகள் காற்றடிக்கும் நாளில் பிளந்து வீழும்பொழுது, பாதி மரமும் உடன் போகும்.

பெருங்கிளையை நீக்கியே தீர வேண்டிய நிலையிலும் அறிந்தவன் வெட்டுக்கும் அறியாதவன் வெட்டுக்கும் வேறுபாடு மிகுதி. அமெரிக்க நாட்டு வனத்துறை அறிஞர் அலெக்சு சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து, அவற்றின் பழைய புண்களை ஆராய்ந்தார். அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. விலங்கின் உடம்பில் பட்ட புண் ஆறும். அங்கே புதுத் தசை வளரும். மரத்தின் புண்ணோ ஆறுவதில்லை. மரம் அப்புண்ணைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாதபடி தடுக்கின்றது. மேலே புதுக் கட்டையை வளர்த்து மூடுகின்றது. ஐம்பது ஆண்டு சென்ற பின்பு அறுத்துப் பார்த்தாலும், உள்ளே அப்புண் அவ்வாறே இருக்கும். கிளை அடிமரத்தைச் சேரும் இடத்தில் மோதிரம் போன்ற சிறு புடைப்பு ஒன்று உண்டு. சுவர் எழுப்பும் ஆற்றல் அப்புடைப்பிலே உள்ளது. ஆதலின், அப்புடைப்புக்கு வெளியே அறுக்க வேண்டும். அழகுக்காக அடிமரத்தை ஒட்டி அறுப்பதும், நீண்ட முளையை விட்டு வைப்பதும் பிழை. கனத்த கிளையானால், முதலில் சற்றுத் தள்ளி அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பின்பு அதற்கப்பால் மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் குறைத்து, மூன்றாவதாகவே உரிய இடத்தில் அறுப்பர். இல்லையேல், கிளை தன் கனத்தால் கிழிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வீழும். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோப் பசையைத் தடவுவதும் இந்நாட்டில் வழக்கம்.

இவ்வளவையும் கேட்டும் கிளையை வெட்ட மனம் வராத உழவர் பலர் உளர். அவர் தயக்கம் இகழத்தக்கது அன்று. காய்ப்பு ஓய்ந்த முதிய கொய்யாவைத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிப் புதுப்பிக்கலாம் என்று வேளாண் அறிஞர் கூறுவர். ஆனால், வெட்டிய பருவத்தில் அம்மரம் காய்க்காது. ஒரு பருவத்து வருவாயையே நம்பி வாழும் குடும்பத்துக்கு அஃது எளிய இழப்பு அன்று. அத்தகையோர் தோப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், சில வரிசைகளாகப் பிரித்து, ஆண்டுக்கொரு பகுதியாகப் புதுப்பித்தல் நன்று. கிள்ளிகுளத்தில் உள்ள வேளாண்மைக் கல்லூரி போன்ற நிலையங்கள் அருகிலேயே இருக்கின்றன. அங்கே கேட்டு அறிவதற்கு எவரும் கூச வேண்டுவதில்லை.

தயங்குவோரைக் காட்டிலும் தயங்காமல் வெட்டுவோராலேயே மரங்களுக்குக் கேடு மிகுதி. கம்பியில் உரசுகின்றது என்றோ, பந்தலுக்கு இடையூறு என்றோ, குப்பை விழுகின்றது என்றோ மரத்தின் தலையை ஒரே வெட்டில் சாய்ப்போர் எங்கும் உளர். இலைகளே மரத்தின் அடுக்களை. அடுக்களையை இடித்துவிட்டு உணவை எதிர்பார்க்கலாமா? தலை இழந்த மரம் பதற்றத்தோடு நூறு மெல்லிய போத்துகளை விடும். அவை உறுதியின்றி வளர்ந்து, அடுத்த புயலில் முறியும். வெட்டியவர் அதனைக் கண்டு, 'இம்மரத்தை எவ்வளவு வெட்டினாலும் அடங்குவதில்லை' என்பர். அடங்காமை அன்று அது. உயிர் பிழைப்பதற்காக அம்மரம் படும் பாடு.

இனி, பழமொழியின் இரண்டாம் பாதியைப் பார்க்கலாம். முருங்கையை ஒடித்து வளர்ப்பதைக் காட்டிப் பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்வோர், தோட்டக்காரன் செய்வதில் ஒன்றை மட்டுமே கண்டவர்; அதையும் தொலைவிலிருந்து கண்டவர். தோட்டக்காரன் சினத்தால் ஒடிப்பதில்லை. மரம் தவறு செய்தது என்று ஒடிப்பதில்லை. எல்லா மரத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. மாவுக்கு ஒரு முறை, கொய்யாவுக்கு ஒரு முறை என்று இயல்பறிந்து நடக்கின்றான். கயிற்றால் முடிவதற்குக் கத்தியை எடுப்பதில்லை. உறங்கும் மொட்டுக்கு வழி விடுவதே அவன் நோக்கம்.

பிரம்பை எடுப்பவன் இவற்றுள் எதனைச் செய்கின்றான்? கிளையை ஒடித்தால் அருகிலே வேறு மொட்டு எழும் என்பதைச் சோதனை காட்டியது. பிள்ளையை அடித்தால் அறிவு எழும் என்பதை எந்தச் சோதனையும் காட்டவில்லை. அச்சமும் பொய்யும் எழுவதையே பலர் கண்டுள்ளனர். மரத்தின் புண் வெளியே மூடிக்கொண்டு உள்ளே நிலைப்பது போல, இளமையில் பட்ட அவமானமும் முகத்தில் தோன்றாமல் நெஞ்சில் நிலைப்பதுண்டு. பள்ளியில் குழந்தையை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் வருத்துதலையும், 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் விலக்கியுள்ளது. சட்டம் அதனை அந்த ஆண்டில் சொல்லியது. தோட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றது. வழிகாட்டுதல் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. கன்றுக்குக் கொழுகொம்பு வேண்டும், கயிறு வேண்டும், கள்ளியை நெருங்கவொட்டாத காவல் வேண்டும், நாள்தோறும் நோக்கும் கண் வேண்டும். அவையே வளர்ப்பு. அவற்றைச் செய்யச் சோம்பியவனே முடிவில் அரிவாளைத் தேடுகின்றான்.

வீட்டிலோ பள்ளித் தோட்டத்திலோ ஒரு முருங்கையையோ கொய்யாவையோ வளர்க்கும் மாணவர், அதனை வெட்டுமுன் ஓராண்டு உற்று நோக்குவாராக. எந்தக் கிளையில் பூக்கின்றது, எந்தக் கிளைக்கு வெயில் எட்டவில்லை, எது எதனோடு உராய்கின்றது என்பதைக் குறித்து வைப்பாராக. பின்பு நகத்தால் ஆவதை நகத்தாலும், கயிற்றால் ஆவதைக் கயிற்றாலும் செய்து, எஞ்சியதற்கு மட்டும் கூரிய கருவியை எடுப்பாராக. ஆழ்வார்திருநகரியில், ஒன்றும் கேட்காமல் ஒரு மரத்தைப் போற்றும் அன்பு உண்டு. புறவாசல் முருங்கையிடம் காயைக் கேட்பவருக்கும் அவ்வன்பு வேண்டும். அதனோடு அறிவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கையே ஒடித்து வளர்க்கத் தகுதி உடையது.